மரத்தின் மேலும் வள்ளத்தின் உள்ளும்

குளச்சலுக்கு மேற்கேயும் தேங்காய்ப்பட்டினத்துக்குக் கிழக்கேயும் அரபிக்கடலை நேர்முகமாக நோக்கிக் கிடக்கும் இனயத்தின் கரையில், தொழிலுக்குப் போன வள்ளங்கள் திரும்பி, மீன் ஏலம் முடிந்து, வலைகளைக் காயவிட்டு மனிதர்கள் சற்றே ஓய்ந்திருக்கும் பிற்பகல் வேளைகளில், வெளிநாட்டு வேலைக்கு ஆயத்தமாகும் இளைஞர்கள் சிலருக்கு ஆங்கிலச் சம்பாஷணை பயிற்றுவித்துவந்தேன். இந்த அத்தியாயத்தின் விஷயத்தில் அவர்கள் என்னிடம் கற்றது எவ்வளவோ அவ்வளவு நானும் அந்தக் கரையிடமிருந்து கற்றேன். 'ஆன்' என்றால் மேல், 'இன்' என்றால் உள், பஸ்ஸுக்கு 'ஆன்' சேரும், காருக்கு 'இன்' சேரும் என்று ஒருநாள் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது, ஒரு பையன் எழுந்து, "சாரே, பஸ்ஸுலயும் 'ல' தான், காருலயும் 'ல' தான், பின்ன இவங்களுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?" என்று கேட்டான். நான் விடை சொல்ல வாயெடுக்கு முன்னரே, சுவரோரம் உட்கார்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த அவனுடைய தாத்தா, "மக்களே, மரத்துல போனா நீ எங்க இருப்ப? மேல இருப்ப. வள்ளத்துல போனா? உள்ள இருப்ப. அதுதான் காரியம்" என்றார்.

மரம் என்று அக்கரையில் சொன்னால் அது கட்டுமரம். இலேசான கட்டைகள் சிலவற்றைச் சேர்த்துக் கயிற்றால் பிணைத்த அந்த ஆதி வாகனத்துக்குச் சுவரும் இல்லை, குழிவும் இல்லை. ஒருபுறம் ஏறிய அலை மறுபுறம் வழிந்து போய்விடும். வள்ளமோ விளிம்பு உயர்ந்து வயிறு குழிந்த கலம். அதனுள் புகுந்த நீரை மனிதன்தான் கோரி இறைக்கவேண்டும். நீர் தானே வழிந்தோடும் கலத்துக்கு 'ஆன்', நீரைக் கோரி இறைக்கவேண்டிய சிறுகலத்துக்கு 'இன்' என்று அன்றைக்கே பலகையில் எழுதி, பஸ்ஸையும் காரையும் அதற்குக் கீழே தள்ளிவைத்தேன். நம்முடைய 'கட்டுமரம்' என்ற சொல்லை ஆங்கிலேயர் 'கேட்டமரான்' என்று எடுத்துக்கொண்டு, இன்று இரட்டை அடித்தளம் கொண்ட பாய்க்கப்பல்களுக்கு வழங்குகிறார்கள். அந்தச் சொல்லோடும் 'ஆன்' என்பதையே சேர்க்கிறார்கள்.

பையன் கேட்ட கேள்வி நியாயமானது. தமிழில் பஸ்ஸில், காரில், சைக்கிளில், கப்பலில், கடலில், கருங்கலில், காலையில் என்று இடத்தையும் காலத்தையும் வாகனத்தையும் 'இல்' என்ற ஒரே உருபு சுமந்துகொண்டு போகிறது. ஆனால் நம் பாஷை இந்த வித்தியாசங்களை அறியாததன்று. நன்னூலில் பவணந்தி முனிவர் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகளைக் கணக்கிட்டிருக்கிறார். அவற்றுள் மேல், கீழ், உள், புறம், முன், பின், இடை, வழி எல்லாம் அடங்கும். வழக்கில் 'இல்' என்பது மற்றவற்றின் வேலையையும் மேற்கொண்டுவிட்டபடியால் நாம் அவற்றை வேண்டியபோது மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலமோ ஒவ்வொரு தடவையும் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே தீரவேண்டும் என்று வற்புறுத்துகிறது. ஆகையால் ஆங்கில வாக்கியம் ஒன்றைத் தொடங்கும்போது 'இல்' என்ற உருபை மனத்தில் அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு ஈடான சொல்லைத் தேடாமல், அந்த 'இல்' இந்த இடத்தில் மேலா, உள்ளா, வழியா என்று முதலில் தமிழிலேயே கேட்டுப் பார்த்துக்கொண்டு பிறகு ஆங்கிலத்துக்குப் போகும்படி என் மாணாக்கர்களுக்குச் சொல்லிவந்தேன். இந்நூலை வாசிப்பவர்களுக்கும் அதையே சொல்லுவேன்.

வாகனத்தின் பெயரைப் பார்க்கவேண்டாம். அதில் உங்கள் சரீரம் இருக்கும் நிலையைப் பாருங்கள். பஸ்ஸில் ஏறினால் காலடியில் ஒரு தளம் இருக்கிறது. அதன்மேல் நிற்கலாம், நடக்கலாம். காலை வேளையில் கருங்கலுக்குப் போகும் பஸ்ஸில் உட்காருகிறவர்களைக் காட்டிலும் நிற்கிறவர்களே அதிகம். ரயிலும் அப்படியே, விமானமும் அப்படியே, கப்பலும் அப்படியே. ஆகவே 'ஆன் த பஸ்', 'ஆன் த டிரெயின்', 'ஆன் த பிளேன்', 'ஆன் த ஷிப்' என்கிறோம். காரிலோ குனிந்து, உடலை மடக்கி, உள்ளே புகுந்து உட்காரவேண்டும். எழுந்து நிற்க முடியாது. எனவே 'இன் எ கார்', 'இன் எ டாக்ஸி', 'இன் அன் ஆட்டோ', 'இன் எ வேன்', 'இன் அன் ஆம்புலன்ஸ்'. மீன் ஏற்றிப்போகும் லாரியில் டிரைவரின் பக்கத்தில் அமர்ந்து போனாலும் 'இன் த லாரி' தான். சைக்கிள், மோட்டார் சைக்கிள், குதிரை ஆகியவற்றின்மேல் கால்களை இருபுறமும் போட்டு அமர்கிறோம். அவை மரத்தின் இனம். 'ஆன்' தவிர வேறு எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

பொதுவாகனம் என்றால் 'ஆன்', சொந்த வாகனம் என்றால் 'இன்' என்று சில பாடப்புத்தகங்கள் சொல்லும். இது பாதி வழியில் கைவிட்டுவிடும் விதி. டாக்ஸி பொதுவாகனமாயிருந்தும் 'இன்' பெறுகிறது. தனவான் ஒருவனுடைய உல்லாசக் கப்பல் சொந்தமாயிருந்தும் 'ஆன்' பெறுகிறது. பெரியது, சிறியது என்ற விதியும் அப்படித்தான்; ஹெலிகாப்டர் மோட்டார் சைக்கிளைவிடப் பெரியது, எனினும் அதற்கு 'இன்' தான் இயல்பு. நின்று நடக்கத் தளம் உண்டா என்ற கேள்வி ஒன்றே நான் சோதித்த அளவில் பெரும்பாலும் தவறாத வழிகாட்டி. கடலோடிகளுக்கு இதனால் ஒரு விசேஷ சௌகரியமும் உண்டு. காலையில் போய்ப் பகலில் திரும்பும் ஃபைபர் வள்ளத்துக்கு 'இன் எ போட்' என்றும், பல நாள் தங்கி ஆழ்கடலில் தொழில் செய்யும் விசைப்படகுக்கு, அதன் தளத்தில் நின்று வலை இழுத்துச் சமைத்து உண்டு உறங்குகிறபடியால், 'ஆன் எ போட்' என்றும் சொல்லவேண்டும். 'போட்' என்ற சொல் ஒன்றே. முன்னால் நிற்கும் சிறு சொல்லைக் கொண்டே, கேட்பவர் உங்கள் கலத்தின் அளவை ஊகித்துக்கொள்வார். அந்த விசைப்படகிலேயே தளத்துக்கு 'ஆன் த டெக்', சுக்கான் பிடிக்கும் அறைக்கு 'இன் த வீல்ஹவுஸ்', மீன் போட்டு ஐஸ் நிரப்பும் அடியறைக்கு 'இன் த ஹோல்ட்' என்று வரும்.

'இன் த பஸ்' என்று யாரேனும் சொன்னால் அது குற்றமா என்று கேட்பீர்கள். குற்றமன்று. பஸ்ஸைப் பிரயாணமாகக் கருதாமல் ஒரு அறையைப்போல, மூடிய இடமாகக் கருதிப் பேசும்போது, பஸ்ஸுக்குள் ஒரே வெக்கை என்றோ, குடையை பஸ்ஸுக்குள் வைத்துவிட்டேன் என்றோ சொல்லும்போது, 'இன்' தாராளமாக வரலாம். ஆனால் 'காலை பஸ்ஸில் வந்தேன்' என்பதற்கு 'ஐ கேம் ஆன் த மார்னிங் பஸ்' என்பதே செவிக்கு இனியது.

பஸ் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இங்கிருந்து நகர எனக்கு மனம் வரவில்லை. லத்தீன் பாஷையில் 'ஓம்னிபுஸ்' என்றால் எல்லோருக்கும் என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்ஸ் தேசத்தில் யாவரும் ஏறிச்செல்லக்கூடிய குதிரைவண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. 1829-இல் ஷில்லிபியர் என்பவர் லண்டன் நகரத்துத் தெருக்களில் அத்தகைய வண்டியை ஓட்டினார். பெயர் நீளமாயிருந்தபடியால் ஜனங்கள் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த வாலோ லத்தீன் இலக்கணத்தில் ஒரு வேற்றுமை விகுதியின் பகுதி. நம்முடைய 'கு' என்ற நான்காம் வேற்றுமை உருபுக்கு நேரானது. எல்லோருக்கும் என்ற சொல்லில் 'எல்லோர்' போய் 'க்கும்' நின்றதுபோல, ஒரு வேற்றுமை உருபின் துண்டு இன்று கருங்கலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேற்றுமையைக் கற்க வந்த நமக்கு இதைவிட உகந்த வாகனம் கிடைக்குமா?

இனி 'பை'. இது சரீரத்தின் நிலையைக் காட்டுவதன்று, உபாயத்தைக் காட்டுவது. எப்படி வந்தாய் என்ற கேள்விக்கு விடையாவது. 'பை பஸ்', 'பை டிரெயின்', 'பை ஆட்டோ', 'பை போட்' என்று வரும்போது வாகனத்தின் பெயர் வெறும் பெயராக, முன்னால் 'எ' என்றோ 'த' என்றோ 'மை' என்றோ ஒன்றும் இல்லாமல் நிற்கவேண்டும். ஏனெனில் இங்கே நாம் குறிப்பிட்ட ஒரு பஸ்ஸைச் சொல்லவில்லை. பஸ் என்னும் வகையைச் சொல்லுகிறோம். வகை குறிப்பிட்ட வண்டியாக மாறிய கணத்தில் 'பை' விலகிக்கொள்ளும்; 'ஆன்' அல்லது 'இன்' வந்து அமரும். 'பை கார்' சரி. 'பை மை கார்' பிழை, 'இன் மை கார்' வேண்டும். 'பை பைக்' சரி. 'பை மை பிரதர்ஸ் பைக்' பிழை, 'ஆன் மை பிரதர்ஸ் பைக்' வேண்டும். எட்டரை மணி பஸ் என்று நேரம் சொன்னாலும் அது குறிப்பிட்ட பஸ்ஸாகிவிட்டபடியால் 'ஆன் த எயிட் தர்ட்டி பஸ்' என்க. நேரம் குறித்த ரயிலுக்கும் 'பை' சேர்த்து எழுதுவது பழைய ஆங்கில வசனங்களில் உண்டு. அதைக் கண்டால் திருத்தவேண்டாம்.

நம் நாட்டில் இந்த 'பை' செய்துவரும் பெரிய பிழை 'பை வாக்' என்பது. நடந்து வந்தேன் என்பதற்கு 'ஐ கேம் பை வாக்' என்று சொல்லாத மாணாக்கனை நான் முதல் வகுப்பில் பார்த்ததேயில்லை. நடை ஒரு வாகனமன்று. 'ஆன் ஃபுட்' என்று சொல்லவேண்டும். அதனினும் நேராக 'ஐ வாக்ட்' என்றால் இரண்டே சொற்களில் காரியம் முடிந்தது. தலையில் மீன்கூடை சுமந்து கரையிலிருந்து உள்நாட்டுச் சந்தைகளுக்கு நடந்தே போய் மீன் விற்று, பிள்ளைகளைப் படிக்கவைத்த பாட்டிமார் இந்தக் கடற்கரையில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். 'ஷீ வென்ட் ஆன் ஃபுட், வித் த பாஸ்கெட் ஆன் ஹெர் ஹெட்' என்று ஒரு பெண் தன் பாட்டியைப் பற்றி எழுதிக்காட்டினாள். இரண்டு 'ஆன்' களும் தத்தம் இடத்தில் இருந்தன. அந்த வாக்கியத்தை அழிக்காமல் பலகையில் ஒரு வாரம் வைத்திருந்தேன்.

வாகனம் மாத்திரமன்றி வழியையும் 'பை' சொல்லும். 'பை ரோடு', 'பை ரெயில்', 'பை ஏர்', 'பை வாட்டர்', 'பை சீ'. இந்தப் பிரதேசத்துக்கு இவ்வழிகள் வந்த வரிசை ஆச்சரியமானது. கடல் ஆதியிலிருந்தே இருந்தது. பிறகு திருவிதாங்கூர் அரசு, அனந்தபத்மநாபர், விக்டோரியா ராணி, மார்த்தாண்டவர்மா ஆகிய மூவர் பெயராலும் 1860-இல் தொடங்கிய ஏ.வி.எம். கால்வாய் வந்தது, குமரிவரை கருதப்பெற்றும் அதுவரை முழுமை பெறாமலே நின்றாலும், கரையோரமாகச் சரக்கும் ஜனங்களும் 'பை வாட்டர்' போய்வர அது உதவிற்று. 1935-இல் டாட்டாவின் தபால் விமானம் பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தது. 1938-இல் திருவிதாங்கூர் அரசாங்கத்தின் பஸ் போக்குவரத்து தொடங்கிற்று. திருவனந்தபுரத்தையும் நாகர்கோவிலையும் இணைத்த ரயில் பாதை 1979-இல்தான் திறக்கப்பட்டது. ஆகாய மார்க்கம் வந்து 44 வருஷங்கள் கழித்தே இங்கே 'பை ரெயில்' என்று சொல்ல வாய்த்தது; குழித்துறை நிலையத்தில் முதன்முதலாக ரயிலைப் பார்த்தவர்களுள், அதற்குமுன் தலைக்குமேல் விமானத்தைப் பார்த்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

ஏறுவதும் இறங்குவதும் அடுத்த சங்கதி. தமிழில் எல்லா வாகனத்திலும் ஏறுகிறோம், எல்லாவற்றிலிருந்தும் இறங்குகிறோம். நம் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் பேச்சில் 'கேறுகிறோம்'. ஆங்கிலத்தில் 'ஆன்' பெற்ற வாகனத்துக்கு ஏறுதல் 'கெட் ஆன்', இறங்குதல் 'கெட் ஆஃப்'. 'இன்' பெற்ற வாகனத்துக்கு ஏறுதல் 'கெட் இன்', இறங்குதல் 'கெட் அவுட் ஆவ்'. இங்கே செவியைச் சற்றுக் கூர்மையாக்குங்கள்: விலகுதலைக் காட்டும் 'ஆஃப்' என்பதன் இறுதியில் காற்று மட்டும் வெளிவரும், உடைமையையும் சேர்க்கையையும் காட்டும் 'ஆவ்' என்பதன் இறுதியில் தொண்டை அதிரும். தமிழ் நாவுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். விரலைத் தொண்டைமேல் வைத்து இரண்டையும் பத்துமுறை சொல்லிப் பழகுங்கள். இதன் பிரயோஜனம் பின்னால் கடலைப் பற்றிப் பேசும்போது தெரியும். இறங்குதல் என்பதை நேராகப் பெயர்த்து 'கெட் டவுன்' என்று நாம் சொல்லும் வழக்கம் இந்தியாவுக்குள் விளங்கும். வெளிநாட்டிலோ அது மரத்திலிருந்தோ மதிலிலிருந்தோ இறங்குவதைக் குறிக்கும். 'போர்ட்' என்ற வினைக்கு எந்த முன்னிடைச்சொல்லும் வேண்டியதில்லை: 'ஐ போர்டட் த பிளேன்'.

இடங்களுக்கு வருவோம். 'அட்' என்பது புள்ளி. 'இன்' என்பது பரப்பு. கருங்கல் ஜங்ஷனில் நிற்கிறேன் என்று அண்ணனுக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்பும்போது 'அட் த ஜங்ஷன்' என்று எழுதவேண்டும். 'இன் த ஜங்ஷன்' என்றால் நாற்சந்தியின் நடுவில் வண்டிகளுக்கிடையே நிற்பதாகப் படித்துக்கொள்ள இடமுண்டு. பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், விமான நிலையம் யாவும் சந்திக்கும் இடமாகச் சொல்லும்போது 'அட்' பெறும். சேர்தலைக் குறிக்கும் 'அரைவ்' என்ற வினை, நகரத்துக்கு 'இன்', நிலையத்துக்கு 'அட்' எடுக்கும்: 'அரைவ்ட் அட் குழித்துறை ஸ்டேஷன்', 'அரைவ்ட் இன் திருவனந்தபுரம்'. 'ரீச்' என்ற வினை ஒன்றும் எடுக்காது, 'ரீச்ட் டு நாகர்கோவில்' என்பதில் உள்ள 'டு' நம்முடைய 'நாகர்கோவிலுக்கு' என்பதன் 'கு', அதை எடுத்துவிடுங்கள். நாகர்கோவிலுக்குப் புறப்பட்டேன் என்பதற்கு 'லெஃப்ட் டு' தவறு, 'லெஃப்ட் ஃபார்' சரி. ஏனெனில் 'லீவ்' என்ற வினைக்குப் பக்கத்தில் ஊரின் பெயர் வெறுமனே நின்றால் அது விட்டுவந்த ஊராகிவிடும். கருங்கல் வழியாக என்பதற்கு 'வயா கருங்கல்'. வீட்டுக்கு என்பதற்கு 'கோ ஹோம்', கரைக்கு என்பதற்கு 'கோ அஷோர்', வெளிநாட்டுக்கு என்பதற்கு 'கோ அப்ராட்'. இம்மூன்றிலும் 'டு' கிடையாது.

ஒரே ஊர் 'அட்' என்பதையும் 'இன்' என்பதையும் வெவ்வேறு வாயில் பெறும். 'த பஸ் ஸ்டாப்ஸ் அட் இனயம்' என்று சொல்லும்போது இனயம் பஸ் பாதையில் ஒரு புள்ளி. 'ஐ லிவ் இன் இனயம்' என்று சொல்லும்போது அது தெருக்களும் கோயிலும் கடற்கரையும் கொண்ட பரப்பு. 2016 ஜூலையில் மத்திய மந்திரிசபை இங்கே ஒரு பெருந்துறைமுகம் அமைக்கக் கொள்கையளவில் ஒப்புதல் அளித்த செய்தி 'அட் இனயம், நியர் குளச்சல், இன் தமிழ்நாடு' என்ற ஒழுங்கிலேயே வந்தது. இலக்கணப்படி அதில் குற்றமில்லை. வரைபடத்தைப் பார்த்து எழுதுகிறவனுக்கு ஊர் புள்ளிதான். ஆனால் அத்திட்டத்தை எதிர்த்துக் கரையில் கூடிய மக்கள் வீடு கட்டி, பிள்ளை பெற்று, இறந்தவரைப் புதைத்த ஊரைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் பேச்சுக்கு 'இன்' தான் தகும். பின்னர் அத்திட்டம் இனயத்தை விட்டு வேறிடம் நோக்கி நகர்ந்தது. 'அட்', 'இன்' என்ற இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தூரத்தை விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் அகப்படவில்லை.

இதுவரை சொன்னதையெல்லாம் ஒரு பிரயாணத்தில் வைத்துப் பார்ப்போம். தோஹாவுக்கு வேலைக்குப் போகும் ஒருவன் தன் பயணத்தை ஆங்கிலத்தில் சொல்லுகிறான் என்று கொள்ளுங்கள். 'ஐ லெஃப்ட் ஹோம் அட் ஃபோர்', வீட்டை விட்டான். 'ஐ வென்ட் டு த ஜங்ஷன் ஆன் மை அங்கிள்ஸ் பைக்'. மாமாவின் வண்டி குறிப்பிட்ட வண்டி, ஆகவே 'பை' இல்லை. 'ஐ காட் ஆன் த ஃபர்ஸ்ட் பஸ்', தளமுள்ள வாகனம். 'ஐ காட் ஆஃப் அட் மார்த்தாண்டம்'. மார்த்தாண்டம் பெரிய ஊரானாலும் இங்கே இறங்கும் புள்ளி. 'ஃப்ரம் தேர் ஐ வென்ட் பை டாக்ஸி டு த ஏர்ப்போர்ட்', வகை மட்டும். 'இன் த டாக்ஸி ஐ செக்ட் மை பாஸ்போர்ட்'. இப்போது அதே டாக்ஸி உள்ளிருக்கும் இடமாகிவிட்டது. 'ஐ போர்டட் த பிளேன்'; முன்னிடைச்சொல் இல்லை. 'ஆன் த பிளேன் ஐ ஸ்லெப்ட்'. 'ஐ அரைவ்ட் இன் தோஹா'. இதைப் பார்த்து எழுதாமல் உங்கள் சொந்தப் பிரயாணம் ஒன்றை, கருங்கல் சந்தைக்குப் போய்வந்ததாயினும் சரி, இதே வகையில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இனிச் சொல்லப்போவது இந்த அத்தியாயத்தில் எனக்கு எல்லாவற்றினும் முக்கியமானது. இதைக் கற்பிக்கவே மற்றதையெல்லாம் கற்பித்தேன் என்றுகூடச் சொல்லுவேன்.

'கடலில் இருக்கிறான்' என்று நாம் சொல்லும் வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு உருவங்கள் உண்டு. 'ஹீ இஸ் அட் சீ' என்றால் கலத்தில் ஏறித் தொழிலுக்குப் போயிருக்கிறான், கரையில் இல்லை என்று அர்த்தம். 'ஹீ இஸ் இன் த சீ' என்றால் அவன் உடம்பு தண்ணீருக்குள் இருக்கிறது. குளிக்கிறான், நீந்துகிறான், அல்லது படகிலிருந்து விழுந்துவிட்டான். தமிழில் ஒரே 'கடலில்' என்பதால் இரண்டையும் சந்தர்ப்பம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். தொலைபேசியின் மறுமுனையில் நம் சந்தர்ப்பத்தை அறியாத ஒருவர் இருக்கும்போது, அந்தச் சிறு சொல்தான் அவருக்குக் கிடைக்கும் சந்தர்ப்பம். 'த' என்ற சொல்லும் இங்கே பொருளைத் திருப்பிவிடும். 'பை சீ' என்றால் கடல் மார்க்கமாக. 'பை த சீ' என்றால் கடலோரத்தில். 'கோ டு சீ' என்றால் கடல் தொழிலுக்குப் போவது. 'கோ டு த சீ' என்றால் கடற்கரைக்குப் போவது. 'ஆஃப் குளச்சல்' என்றால் குளச்சலுக்கு அப்பால் கடலில், கரைக்கு விலகி. 'ஆவ் குளச்சல்' என்றால் குளச்சலினுடைய, அல்லது 'சவுத்-வெஸ்ட்' போன்ற திசைச்சொல்லோடு சேர்ந்து, குளச்சலுக்குத் தென்மேற்கே.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது இந்தக் கரையோரத்து ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் ஆழ்கடலில் இருந்தார்கள். சிலர் லட்சத்தீவிலும் மஹாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரையேறினார்கள், பலர் திரும்பவில்லை. வீடுகளில் இருந்த பெண்கள் கையில் தொலைபேசியோடு நாளும் இரவும் விசாரித்துக்கொண்டிருந்த அந்த நாட்களை நினைக்கும்போதெல்லாம், பாஷை தெரியாத மாநிலத்து அதிகாரியிடமோ, அந்நியக் கப்பலின் மாலுமியிடமோ நம் மனிதர் நிலையைப் பிசகின்றிச் சொல்லும் நான்கு வாக்கியங்களேனும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு உறுதிப்படுகிறது.

உலகத்துக் கப்பல்களெல்லாம் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளும்பொருட்டு, சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஒரு நிலையான வாக்கியத் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. அதன் முறையில் சிலவற்றை வயர்லெஸ் வைத்திருக்கும் ஒவ்வொரு படகிலும் மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும். அபாய அழைப்புக்கு உரியது 16-ஆம் சானல். 'மேடே' என்று மூன்றுமுறை சொல்லி, படகின் பெயரைச் சொல்லி, இடத்தைச் சொல்லவேண்டும். தீப்பிடித்திருந்தால் 'ஐ ஆம் ஆன் ஃபயர்'. 'இன் ஃபயர்' அன்று. தரை தட்டியிருந்தால் 'ஐ ஆம் அக்ரவுண்ட்'. இயந்திரம் நின்று ஓட்டத்தோடு போய்க்கொண்டிருந்தால் 'ஐ ஆம் அட்ரிஃப்ட்'. இவ்விரண்டிலும் முன்னிடைச்சொல் சொல்லுக்குள்ளேயே கரைந்துவிட்டது. ஆள் கடலில் விழுந்திருந்தால் 'மேன் ஓவர்போர்ட்'.

இடத்தைச் சொல்வதில்தான் ஜாக்கிரதை வேண்டும். ஜி.பி.எஸ். கருவி காட்டும் எண்கள் இருந்தால் 'ஐ ஆம் இன் பொசிஷன்' என்று தொடங்கி அவற்றை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிவிடலாம். அது பழுதாகிவிட்டால் கரையின் அடையாளம் ஒன்றிலிருந்து திசையும் தூரமும் சொல்லவேண்டும். நமக்கு முட்டத்துக் கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதற்குத் தென்மேற்கே 15 கடல்மைலில் இருக்கிறீர்கள் என்றால், 'பேரிங் டூ டூ ஃபைவ் டிகிரீஸ் ஃப்ரம் முட்டம் லைட்ஹவுஸ், டிஸ்டன்ஸ் ஒன் ஃபைவ் நாட்டிக்கல் மைல்ஸ்'. இதில் 'ஃப்ரம்' என்பதே உயிர். திசை எப்போதும் விளக்கிலிருந்து படகை நோக்கிக் கணக்கிடப்படும். படகில் நின்று விளக்கைத் திசைகாட்டியில் பார்த்தால் 45 டிகிரி என்று தெரியும். அந்த எண்ணை அப்படியே சொல்லிவிட்டால், தேடுகிறவர் வரைபடத்தில் குறிக்கும் புள்ளி கடலில் இராது, ஆரல்வாய்மொழி மலைப்பக்கத்தில் இருக்கும். பார்த்த எண்ணோடு 180 கூட்டி, அல்லது 180-க்கு மேற்பட்டதாயின் 180 கழித்து, பிறகு 'ஃப்ரம்' சொல்லவேண்டும். ஒரு கடல்மைல் 1852 மீட்டர். நம் வழக்கத்துக் கிலோமீட்டரில் சொன்னால் 'கிலோமீட்டர்ஸ்' என்றே சொல்லுங்கள், வெறும் எண்ணை விட்டுவிடவேண்டாம்.

இந்த வாக்கியங்களைப் பெரிய எழுத்தில் தமிழ் எழுத்தாகவே ஒரு அட்டையில் எழுதி, ஈரம் படாதபடி உறையிட்டு, வயர்லெஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். இன்னொரு அட்டை வீட்டில் இருக்கட்டும். அதில் கடலோரக் காவற்படையின் 1554 என்ற எண்ணும், அதன்கீழே கரையில் இருப்பவர் சொல்லவேண்டிய வாக்கியமும் வேண்டும்: 'மை ஹஸ்பண்ட் இஸ் அட் சீ, ஆன் எ ஃபிஷிங் போட், வித் டென் அதர்ஸ். தே லெஃப்ட் தேங்காய்ப்பட்டினம் ஹார்பர் ஆன் மண்டே.' படகின் பெயர், பதிவு எண், ஆட்களின் தொகை, புறப்பட்ட கிழமை ஆகியவற்றுக்கு இடம் விட்டு எழுதி, ஒவ்வொரு முறை தொழிலுக்குப் புறப்படும்போதும் பென்சிலால் மாற்றிக்கொள்ளுங்கள்.